பேரிங்குக்கு அடியில்

"உன் தம்பி பண்ணின வேலையை உன் கண்ணாலயே பாரு. அதுக்குத்தான் கையோட கூட்டிட்டு வந்தேன்."

கணவர் பையைப் பிரித்து, மோட்டார் சைக்கிள் இன்ஜினின் வெளிக்கூடான கேஸை எடுத்து லேத்துப் பட்டறை மேசைமேல் வைத்தார். சில நாட்களாக வீட்டில் இதே பாட்டுதான். கேட்டுக் கேட்டு மனைவிக்குக் காது புளித்துவிட்டது.

லேத்துக்காரர் கேஸை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார். பேரிங் உட்காரும் குழிக்குள் விரலை விட்டுத் தடவியவர் முகத்தைச் சுளித்தார்.

"யார் சார் இப்படிக் கொத்தி வச்சது?"

"கேளுங்கண்ணே, இவ காதுல விழற மாதிரிக் கேளுங்க. என் மச்சினன்தான்! பெரிய மெக்கானிக்காம். போன தடவை இன்ஜினைப் பிரிச்சதும் அவன், மூடினதும் அவன்."

"அப்படி என்னண்ணே ஆயிருக்கு அதுல?" என்றாள் மனைவி.

லேத்துக்காரர் குழியை அவள் பக்கம் திருப்பினார். உள்ளே சுற்றிலும் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிகள்.

"கேஸ் தேஞ்சு பேரிங் லூசாயிருக்கும்மா. முறைப்படி குழியைக் கடைஞ்சு, புஷ்ஷுன்னு ஒரு இரும்பு வளையம் அடிச்சு, அளவுக்கு மறுபடியும் கடையணும். அதுக்குச் சோம்பல்படறவங்க கூர் உளி மாதிரி பஞ்ச்சை வச்சு, சுத்தியலால தட்டி இப்படிப் புள்ளி குத்திடுவாங்க. மேடு தட்டி பேரிங்கைக் கவ்விக்கும். எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம் பேரிங் தானே சுத்த ஆரம்பிச்சு, இன்ஜின் ஜாம் ஆயிடும்."

"ஆச்சே! நடுரோட்டுல ஜாம் ஆச்சு. மயிரிழையில தப்பிச்சேன்." கணவர் முழங்காலில் போட்டிருந்த துணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். "இதுல அவன் பேச்சைக் கேக்கணுமே! 'கேஸை லேத்துக்கு அனுப்பணும்னு சொல்லிட்டுத்தானே போனேன் மாமா. திரும்பி வந்தா நீங்களே பேரிங்கை ஏத்தி வச்சிருந்தீங்க. அடியில என்ன இருந்துச்சுன்னு எனக்கெப்படித் தெரியும்?'ங்கறான். கூசாம என் தலையில கட்டறாண்ணே! இனி அவன் என் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. அவன் கல்யாணத்துக்கும் நாங்க போகப்போறதில்ல."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். கூடப் பிறந்தவனுக்கு அடுத்த வாரம் கல்யாணம். தம்பி, புருஷன், ரெண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார். யாரை நம்புவது என்று தெரியாமல் அவள் சரியாகத் தூங்கியே பல நாளாகிவிட்டது.

லேத்துக்காரருக்குக் குடும்பக் கதையில் அக்கறை இல்லை. குழிக்குள் கேஜை விட்டு அளந்தார். விளக்கை இழுத்துப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லவேளை, வெடிப்பு இல்ல. புஷ் போட்டுடலாம்." விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார். "உங்க மச்சினன் இடது கைக்காரரா சார்?"

"ஏன் கேக்கறீங்க?"

"குழிக்குள்ள பஞ்ச் நேரா நிக்காது. சாய்ச்சுத்தான் பிடிக்கணும். சுத்தியல் வலது கையில இருந்தா புள்ளி ஒரு பக்கம் சாயும், இடது கையில இருந்தா மறுபக்கம். இது அத்தனையும் மறுபக்கம். இந்த மாதிரி எத்தனை பாத்திருக்கேன்!"

அதுவரை காற்றில் வீசிக்கொண்டிருந்த கணவரின் கை, மெதுவாக பேண்ட் பாக்கெட்டுக்குள் போனது.

"அவன்... ரெண்டு கையாலயும் வேலை செய்வாண்ணே."

மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"சரி, அது எனக்கெதுக்கு?" லேத்துக்காரர் ஒரு கூரான இரும்பு ஊசியை நீட்டினார். "இங்க ஒரே மாதிரி கேஸ் நிறைய வரும். மாறிப்போச்சுன்னு நாளைக்குச் சண்டை வேணாம். உங்க கையாலயே ஓரமா பேரைக் கீறிட்டுப் போங்க. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

கணவர் வலது கையை நீட்டி ஊசியை வாங்கினார். முதல் எழுத்தைக் கீறினார். அது கோணிக்கொண்டு எங்கேயோ போனது. அழுத்திக் கீறினார். ஊசி வழுக்கிக் கீழே விழுந்தது.

மனைவி குனிந்து ஊசியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"எதுக்குங்க வலது கையில மல்லுக்கட்டறீங்க? எப்பவும் போல இடது கையிலயே கீறுங்க. சீக்கிரம் முடிச்சுட்டு வாங்க, தம்பி கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போகணும்."