ஒரு நாள் முன்னால்

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டுகிறார். இந்தப் பக்கம் தையல்காரர் நிற்கிறார். பழக்கத்தில் மாட்டிய அளவு நாடா கழுத்தில் தொங்குகிறது. மதிய வெயில் சரியாக முத்திரைத் தேதியின்மேல் விழுகிறது. "சண்டை தொடங்கறதுக்கு முந்தின நாளே எல்லையைத் தாண்டிட்டீங்க ஐயா. இங்க அகதிகளுக்குக் கொடுக்கற தற்காலிகப் பாதுகாப்பு அதுக்கப்புறம் கிளம்பினவங்களுக்குத்தான்." "கல்யாணக் கோட்டு ஒண்ணு கொடுக்க வந்தேம்மா. மறுநாளே திரும்பறதா இருந்தேன்." கசங்காமல் வைத்திருந்த திரும்பும் பஸ் டிக்கெட்டை நீட்டுகிறார். அதிகாரியின் குரல் தாழ்கிறது. "நீங்க தப்பிச்சு வரலைங்கறதுக்கு இதுவே சாட்சி ஆயிடும் ஐயா." "ஒரு நாள்தானேம்மா? அங்க இப்ப எங்க தெருவே இல்ல." வரிசையில் யாரோ இருமுகிறார்கள். சுவரில் டோக்கன் எண் சிவப்பாக மினுங்குகிறது. அதிகாரி ஒரு மேல்முறையீட்டுப் படிவத்தைத் தடுப்புக்கு அடியில் தள்ளுகிறார். "எழுதிக் கொடுங்க. பதில் வர வேண்டிய விலாசத்தை மறந்துடாதீங்க." தையல்காரர் குனிந்து, துணியில் சாக்கட்டியால் கோடு இழுக்கிற நிதானத்தோடு, கதவு எண், தெரு, ஊர் என்று தன் வீட்டு விலாசத்தையே எழுதுகிறார். கொஞ்சம் யோசித்துவிட்டு, கீழே ஒரு வரி சேர்க்கிறார்: ஆள் இல்லையென்றால் எதிர்வீட்டில் கொடுக்கவும்.