சீழ்க்கை

சதுப்புநிலத்து நீர்நாய்களைக் கவனித்து, ஆண்டுக்கொரு குட்டியை ஆய்வுக்கூடத்துக்குப் பிடித்துக் கொடுப்பது சுகிர்தாவின் வேலை. அவள் படகைக் கண்டாலே அவை ஒரேமாதிரி சீழ்க்கையடிக்கும். தன்னை வரவேற்கின்றன என்று பூரித்துப்போய், அதே சீழ்க்கையடித்துத்தான் வீட்டில் மகள் நிவியையும் கொஞ்சிக் கூப்பிடுவாள்.

விடுமுறையென்று நிவியும் படகில் வந்திருந்தாள். உடன் வந்த சுகிர்தாவின் கணவன் ஜெயசீலன், புதிதாக வந்திருந்த விலங்குமொழிக் கருவியை எடுத்தான்.

"உங்கம்மா வீட்டு ஆளுங்க என்ன சொல்றாங்கன்னு கேப்போமா?" என்று மனைவியைச் சீண்டினான்.

"கேளுங்க, பொறாமையில வெந்து போவீங்க."

கரையிலிருந்து சீழ்க்கை எழுந்தது. கருவி தமிழில் சொன்னது: "பிள்ளை பிடிக்கிறவ வந்துட்டா! ஓடி ஒளி!"

 

அம்மாவின் முகம் வெளிறியதைப் பார்த்த நிவி, மடியில் ஏறி, கன்னத்தைத் தடவி, அம்மா தன்னைக் கொஞ்சிக் கூப்பிடும் அதே சீழ்க்கையை ஆசையாக அடித்தாள்.

கருவி அதையும் மொழிபெயர்த்தது.