ஆணி படாத சுவர்

"இந்த ஊட்டுச் செவுத்துல ஒரு ஆணி அடிச்சுப் பாருங்க, அப்பறம் தெரியும் பங்காரம்மா யாருன்னு!"

சாவியைக் கையில் கொடுக்கும்போதே வீட்டுக்கார அம்மா சொன்ன வார்த்தை இது. சரவணம்பட்டியில் புதிதாக டைல்ஸ் ஒட்டி, பெயின்ட் அடித்த மாடி வீடு. காலண்டர் மாட்டக்கூட ஓர் ஆணி கிடையாது.

லோகப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாடகையும் வாங்கிக்குவாங்களாம், செவுத்தைத் தொடவும் கூடாதாம். நாம குடியிருக்கறமா, இல்ல அவங்க செவுத்துக்கு வாட்ச்மேன் வேலை பாக்கறமா?"

"உடு பிரியா. எல்லா ஓனருங்களும் அப்படித்தான்" என்றான் கணவன் மதன்குமார்.

விடுகிறவளா அவள்? அடுத்த வாரமே ஆன்லைனில் டென்ஷன் ராடுகள் வந்து இறங்கின. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே வைத்துத் திருகினால், உள்ளே இருக்கிற ஸ்பிரிங் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆணி வேண்டாம், ஓட்டை வேண்டாம்.

ஜன்னல் திரை அதில்தான் தொங்கியது. சமையலறை சிங்க்குக்கு அடியில் ஒரு ராடு. ஸ்பிரே பாட்டில்கள் எல்லாம் அதில் கழுத்தை மாட்டிக்கொண்டு நின்றன. டிராயருக்குள் சின்ன ராடு போட்டு வாணலி மூடிகளை நிமிர்த்தி வைத்தாள். லாஃப்டுக்கு மறைப்பு, வாஷிங் மெஷின் சந்தில் ஈரத்துணி என்று வீடு முழுக்க ராடுதான்.

எதிர் போர்ஷன் ரிஃபானா பார்த்துவிட்டு, "ஓனரம்மா உங்ககிட்டத் தோத்துட்டாங்கக்கா!" என்றாள். லோகப்பிரியாவுக்கு வயிறு குளிர்ந்தது.

இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து, அம்மா காளியாத்தாள் அன்னூரிலிருந்து வந்து சேர்ந்தபோதும் ராடு உதவிக்கு வந்தது. கமோடில் உட்கார்ந்தால் பிடித்து எழ ஏதாவது வேண்டுமே! பக்கத்திலேயே முன் சுவருக்கும் பின் சுவருக்கும் நடுவே நீளமாக ஒன்றைத் திருகினாள்.

"இதைப் புடிச்சு எந்திரிச்சுக்கம்மா."

ஞாயிற்றுக்கிழமை பங்காரம்மா மாடிக்கு வந்தார். மாதத்துக்கு ஒரு முறை இந்தச் சோதனை உண்டு. அறை அறையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டே போனவர், பாத்ரூம் ராடைக் கண்டதும் நின்றார். பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். டைல்ஸில் ராடு முனையின் ரப்பர் இருந்த இடம் கறுப்பாகத் தெரிந்தது.

"இதைக் கழட்டிப்போடுங்க அம்மணி."

"ஏனுங்க? இது ஆணி இல்லீங்களே!"

"அதில்லீங்க..."

"எது இல்லீங்க? டைல்ஸ்ல கறை ஆயிருமாக்கும்? போகும்போது தொடச்சுக் குடுத்துட்டுத்தான் போவமுங்க. எங்கம்மா எந்திரிக்க முடியாம கெடக்கறது உங்களுக்குப் பெருசில்ல, டைல்ஸ்தான் பெருசு!"

பங்காரம்மா வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டு விறுவிறுவென்று படி இறங்கிவிட்டார்.

மறுநாள் ஆபீஸில் லஞ்ச் முழுக்க இதே பேச்சு. ஒருத்தி வீட்டில் கறி சமைக்கக் கூடாதாம். இன்னொருத்தி வீட்டில் விருந்தாளி ராத்தங்கக் கூடாதாம். "ஊடு கட்டத் தெரிஞ்சவங்களுக்கு மனசு மட்டும் இல்ல" என்று லோகப்பிரியா தீர்ப்புச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை மீட்டிங்குக்கு நடுவில் ரிஃபானாவின் போன்.

"அக்கா, ஓனரம்மா ஒரு ஆளைக் கூட்டிட்டு உங்க வீட்டுக்குள்ள போயிருக்காங்க. பாத்ரூம் ராடைப் புடுங்கி வராந்தாவுல வீசிட்டாங்க. கதவையும் சாத்திக்கிட்டாங்க!"

அம்மாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை.

ராடு இருக்கிற நினைப்பில் அம்மா கையை நீட்டியிருந்தால்? மேனேஜரிடம் சொன்னாளோ இல்லையோ, ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு வந்தாள்.

வராந்தாவில் ராடு கிடந்தது. ஹாலில் அம்மாவுக்குப் பக்கத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார் பங்காரம்மா. என்ன நெஞ்சழுத்தம்!

"ஏனுங்க, நான் இல்லாத நேரம் பாத்து வந்து புடுங்கி எறியறீங்களே, உங்களுக்கெல்லாம் ஈவு இரக்கமே கெடையாதுங்களா? எங்கம்மா கீழ உழுந்திருந்தா யாருங்க பதில் சொல்றது? ஆகாதவங்ககூட இப்படிப் பண்ண மாட்டாங்க. இந்த மாசமே நாங்க காலி பண்ணிக்கறோம். உங்க செவுத்தை நீங்களே கட்டிப்புடிச்சுட்டு இருங்க!"

"கண்ணு..." என்றாள் காளியாத்தாள்.

"நீ சும்மா இரும்மா!"

"பாத்ரூமுக்குள்ள போயிப் பாத்துட்டு வந்து பேசு சாமி."

போய்ப் பார்த்தாள்.

கமோடுக்குப் பக்கத்துச் சுவரில், புது டைல்ஸைத் துளைத்து, போல்ட் போட்டு முறுக்கி, தடிமனான ஸ்டீல் கைப்பிடி பொருத்தியிருந்தது. இழுத்தாள். அசையவில்லை. ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தாள். அப்போதும் அசையவில்லை. டிரில் போட்ட தூள் தரையில் இன்னும் கூட்டாமல் கிடந்தது.

திரும்பி வந்தபோது அவள் குரல் அடியோடு இறங்கியிருந்தது.

"ஏனுங்கம்மா... செவுத்துல ஓட்டை போட்டா உங்களுக்கு ஆகாதுங்களே..."

பங்காரம்மாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"துணி தொங்கப்போடற ராடைக் கொண்டுபோயி, ஆபரேசன் பண்ணுன மனுசிக்குப் புடிச்சு எந்திரிக்க வெச்சிருக்கீங்க! நான் ஒரு இழுப்பு இழுத்ததுக்கே நழுவுச்சு. என்னைய சொல்ல உட்டீங்களா? செவுத்துல ஓட்டை உழுந்தா பூசிக்கலாமுங்க அம்மணி. உங்கம்மா உழுந்தா, என்னத்தைப் போட்டுப் பூசுவீங்க?"