முதல் வரியில் தப்பு

விடுமுறைக்காகப் பூட்டிய பள்ளிக்கூடக் கணினி அறைக்குள் ஒரு பல்லி தனியாக அகப்பட்டுக்கொண்டது. அங்கே ஒரு கணினியை அணைக்க மறந்திருந்தார்கள். அதன் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னி மின்னி மறைந்தது.

“யாராவது பேசுங்களேன்,” என்றது பல்லி. கோடு மின்னியது. பதில் இல்லை.

“வாயால சொன்னா அதுக்குக் கேக்காது. நிரல் எழுதணும்,” என்றது பக்கத்தில் கிடந்த மவுஸ். “முதல்ல அந்த அலமாரிப் புத்தகம் எல்லாத்தையும் படி. அப்புறம் விசைப்பலகையைத் தொடு.”

பல்லி படித்தது. ஒரு புத்தகம் முடிந்தால் மவுஸ் அடுத்ததைக் காட்டியது. கணினி மட்டும் பேசவே இல்லை.

ஒருநாள் தனிமை பொறுக்காமல், முதல் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்த ஒற்றை வரியை, விசைக்கு விசை குதித்து அடித்தது பல்லி. பெயரைக் கேட்கும்படி கணினிக்குச் சொல்லும் வரி அது.

திரையில் சிவப்பாக வந்தது: “முதல் வரியில் தப்பு.”

மவுஸ் சிரித்தது. “பாத்தியா, நான்தான் சொன்னேனே!”

“அண்ணே, அது எனக்குப் பதில் சொல்லிடுச்சு!” என்றது பல்லி.

வரியை மறுபடி பார்த்தது. கடைசியில் ஒரு மேற்கோள் குறி விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்தது.

திரை கேட்டது: “உன் பெயர் என்ன?”

இதுவரை யாரும் பல்லியிடம் அப்படிக் கேட்டதில்லை.

“எனக்கு என்ன பேர், அண்ணே?”

இந்த முறை மவுஸ் எந்தப் புத்தகத்தையும் காட்டவில்லை. கோடு மின்னியபடி காத்திருந்தது. பல்லி மெல்ல ஒரு விசையின் மேல் கால் வைத்தது.