நொண்டிச் சிறகு

"சார், பறவையோட இடது சிறகு அரை விநாடி லேட்டா எழும்புது. மோட்டாரை மாத்தியே ஆகணும்," என்றாள் ரெங்கானிஸ்.

"அதுல கைய வெச்சே, கொன்னுடுவேன்," என்றான் கிலாங். "அந்த நொண்டல்லதான் அதுக்கு உயிரே இருக்கு."

"உயிராம்! நாளைக்குக் கண்காட்சியில சிறகு கழண்டு நடுவர் தலைமேல விழட்டும். அப்பத் தெரியும் யாருக்கு உயிர் போகுதுன்னு."

"உனக்கு எல்லாமே கணக்கு. மனசுன்னு ஒண்ணு கிடையாதா?"

"உனக்கு மனசு மட்டும்தான். மூளை?"

பாண்டுங் நகரக் கல்லூரியில் ஓவிய மாணவர்களையும் மின்னணுவியல் மாணவர்களையும் சேர்த்து நான் இந்த வகுப்பைத் தொடங்கியதிலிருந்து, நான்கு மாதமாக இதே இயந்திரப் பறவை, இதே சண்டை. வாங்கி வைத்த பக்சோ, அந்த இறைச்சி உருண்டை சூப்பும் ஆறிப்போயிருந்தது.

"இப்ப என்னதான் பண்ணணுங்கறீங்க?" என்றேன்.

ஆளுக்கொரு தாளை நீட்டினார்கள். துறை மாறுவதற்கான விண்ணப்பம். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்காமல் ஓடுகிறார்கள் என்று நினைத்தேன். சனியன் விட்டது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

ரெங்கானிஸ்: ஓவியத்திலிருந்து மின்னணுவியலுக்கு.

கிலாங்: மின்னணுவியலிலிருந்து ஓவியத்துக்கு.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதல் மாதம், அந்த நொண்டலைச் சரிசெய்ய விடாதீர்கள் என்று என்னிடம் அழுதவளே ரெங்கானிஸ்தான்.

இருவரும் நடுவில் சந்திக்கட்டும் என்றுதான் ஒரே மேசையில் உட்காரவைத்தேன். எந்த வாரம் ஒருவரையொருவர் தாண்டிப் போனார்களோ, நான் கவனிக்கவில்லை.

கையெழுத்துப் போட்டேன். ரெங்கானிஸ் பறவையை நோக்கி ஓடினாள். "மோட்டாரைத் தொடாதே!" என்று கத்திக்கொண்டே அவன் அவள் பின்னால் ஓடினான்.