கம்பெனி ஸ்டோர் சுவரில் மச்சான் பெயர்

மச்சானின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டே ஆகவேண்டும் என்று பாய்லர்காரர் ஒற்றைக்காலில் நின்றார். ஆலைத் தொழிலாளர்களுக்கு மளிகைச் சாமான் விற்ற பழைய கம்பெனி ஸ்டோர் கட்டடத்தைக் காட்சிக்கூடமாக மாற்றுகிறார்கள். அதன் வரலாற்றைச் சுவர்ப் பலகைக்கு எழுதும் பெண், அவரையும் அவர் மனைவியையும் அங்கேயே வரவழைத்திருந்தாள்.

"உங்க மச்சானுக்குப் பெருமையா இருக்கும்" என்றாள் அவள்.

"பெருமையா? காட்டிக்கொடுத்தவன்மா அவன். வர்றவன் போறவன் எல்லாம் படிச்சுக் காறித் துப்பணும்."

அப்புறம் மனிதர் கொட்டித் தீர்த்துவிட்டார். முப்பத்தைந்து வருஷத்துக் கொதிப்பு ஆயிற்றே, லேசில் அடங்குமா? ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியதும், வயிறு காய்ந்தால் வழிக்கு வருவார்கள் என்று நிர்வாகம் இந்த ஸ்டோரைப் பூட்டிவிட்டது. அரிசி, சர்க்கரை, பால்பவுடர் எல்லாம் உள்ளே, ஜனங்கள் வெளியே. ஐம்பது நாளில் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகள் எலும்பும் தோலுமாகப் போயின.

"எங்க பிள்ளை மட்டும் கொழுகொழுன்னு இருந்தான். இவ கெட்டிக்காரி, எப்படியோ சமாளிச்சா" என்று மனைவியைக் காட்டினார். அவள் தலை நிமிரவில்லை.

வேலைநிறுத்தத்தை நடத்தியதற்காகப் போலீஸ் தேடிய எட்டுப் பேர் ஆலைக்குப் பின்னால் ஒரு பாழடைந்த கிடங்கில் பதுங்கியிருந்தார்கள். அதில் பாய்லர்காரரும் ஒருவர். அந்த இடம் அவர் வீட்டைத் தவிர வெளியே ஒருவருக்கும் தெரியாது. இந்த ஸ்டோரில் எடை போட்ட மச்சான், ஒரு சாயங்காலம் தங்கையைப் பார்த்துவிட்டுப் போனான். விடிவதற்குள் எட்டுப் பேரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஏழு பேர்தான் உயிரோடு திரும்பினார்கள்.

"கூடப்பிறந்தவன் மாதிரி நம்பினேன்மா. கழுத்தை அறுத்துட்டான்." பாய்லர்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீதானேன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டேன். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லல. அதைவிட என்ன சாட்சி வேணும்?"

அன்றோடு மச்சானை வாசல்படி மிதிக்க விட்டதில்லை. போன மாதம் அவன் செத்தபோது தானும் போகவில்லை, மனைவியையும் அனுப்பவில்லை.

அந்தப் பெண் அரைமனதோடு மச்சானின் பெயரை எழுதி, சரிதானா என்று வாசித்துக் காட்டினாள். மனைவி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அண்ணன் பேரை அடிச்சிட்டு, என் பேரை எழுதிக்கம்மா."