இதைவிட மட்டமானது

"இந்தக் கடற்கரையோரத்துல நம்ம பொழுதுபோக்குப் பூங்காவைவிட மட்டமா ஒண்ணே ஒண்ணு இருந்தாக் காட்டுங்க. அப்புறம் இதை வித்துத் தொலைங்கன்னு நான் வாயே திறக்க மாட்டேன்" என்று மனைவி சவால் விட்டிருந்தாள்.

அதற்காகத்தான் அவர் தனியாகக் கிளம்பினார். வழியில் பார்த்த பூங்காக்களெல்லாம் அநியாயத்துக்கு நன்றாக இருந்தன. கடைசியாக ஒன்றே ஒன்று பாக்கி.

அதற்குள் நுழைந்ததும் அவருக்கு உயிர் வந்தது. ராட்டினம் சுற்றுக்குச் சுற்று முனகியது. குட்டி ரயிலின் தண்டவாளம் பாதி மணலுக்குள் கிடந்தது. பேய் வீட்டில் பேய் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தது. அவரைக் கண்டதும், "அந்தப் பக்கம் வழி சார்" என்றது.

வெளியே வந்து, டிக்கெட் கொடுத்த பெண்ணிடம் கேட்டார்.

"ஏம்மா, இதைக் காட்டிக் காசு வாங்கக் கூச்சமா இல்லையா?"

"பழகிடுச்சு சார்."

"அந்த ராட்டினத்துல நாய்கூட ஏறாது."

"ஏறுது சார். இறங்கத்தான் மாட்டேங்குது."

அவர் அங்கேயே நின்று மனைவிக்குப் போன் செய்தார். "கிடைச்சிடுச்சு. இதுக்கு நம்ம பூங்கா அரண்மனை. விக்கிற பேச்சையே விடு."

அந்தப் பெண் அவரை உற்றுப் பார்த்தாள்.

"கலங்கரை விளக்கத்துப் பக்கத்துல இருக்கிற பூங்காவா சார்? அங்க டிக்கெட் கொடுத்தது நீங்கதானே?"

"ஆமா. பார்த்திருக்கியா?" அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"போன மாசம் நானும் வீட்டுக்காரரும் வந்தோம் சார். இதை மூடிடலாம்னு இருந்தோம். உங்களோடதைச் சுத்திப் பார்த்த பிறகுதான், நாம தாராளமா நடத்தலாம்னு தைரியம் வந்துச்சு."